கடலோர வீட்டின் சாவி யார் கையில்?

கடியப்பட்டணத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு மாடி வீடு. வளைகுடா நாட்டில் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் அதைக் கட்டியவர், ஒருகாலத்தில் என்னிடம் இளங்கலைப் பொருளியல் பயின்ற மாணவர். கீழ்த்தளத்தில் பெற்றோர் வசிக்கின்றனர். மேல்தளத்தின் இரு அறைகள் ஆண்டில் பதினொரு மாதங்கள் பூட்டியே கிடக்கின்றன. அண்மையில் விடுப்பில் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். விசாரிப்புகள் முடிந்ததும் அவர் கேட்டது இதுதான்: "சாரே, மேல உள்ள ரெண்டு ரூமையும் லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு பாக்கேன். எந்த வெப்சைட்ல போட்டா கமிஷன் குறைவு?"

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. குளச்சல் முதல் கன்னியாகுமரி வரையிலான கடற்கரை ஊர்களில், வெளிநாட்டு உழைப்பில் எழுந்து பாதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். கடியப்பட்டணத்துக்கு இயற்கை கொடுத்திருக்கும் வசதி சிறியதன்று. வள்ளியாறு கடலில் கலக்கும் இடம். அடுத்த ஊரான முட்டத்தில் பாறைக் குன்றும் கலங்கரை விளக்கமும். எட்டும் தொலைவில் பத்மநாபபுரம் அரண்மனையும் மாத்தூர் தொட்டிப்பாலமும். மாலையில் சூரியன் கடலில் இறங்குவதைக் காண்பதற்கென்றே நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் பலர் இரவு தங்க இடமின்றித் திரும்பிவிடுகின்றனர். எனவே, அறையை வாடகைக்கு விட நினைப்பது அறிவுள்ள எண்ணமே. ஆனால், கமிஷன் குறைவான தளம் எது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்பவர் பிற்பாடு வருந்த நேரிடும்.

கமிஷன் யார் தலையில்?

கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஏர்பிஎன்பி நிறுவனம் நெடுங்காலம் பின்பற்றிய முறையில், வீட்டு உரிமையாளரிடம் 3 சதவீதமும் விருந்தினரிடம் ஏறத்தாழ 14 சதவீதமும் கட்டணமாகப் பெறப்பட்டன. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மென்பொருள் வழியாகப் பல வீடுகளை நிர்வகிப்போருக்கு இம்முறை மாற்றப்பட்டு, 15.5 சதவீதம் முழுவதும் உரிமையாளரிடமே பெறப்பட்டது. புக்கிங் டாட் காம் தொடக்கத்திலிருந்தே உரிமையாளரிடம் கமிஷன் பெறும் தளம். அதன் அளவு நாட்டுக்கு நாடு மாறினாலும் 15 சதவீதத்தை ஒட்டியே பேசப்படுகிறது.

மூன்றா, பதினைந்தா என்று பார்த்தால் மூன்றே சிறந்தது என்று தோன்றும். ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் வாடகை என வைத்துக்கொள்வோம். முதல் முறையில் உரிமையாளருக்குக் கிடைப்பது 2,910 ரூபாய். விருந்தினர் செலுத்துவது 3,420 ரூபாய். இரண்டாம் முறையில் அதே 2,910 ரூபாய் கைக்கு வர வேண்டுமானால், உரிமையாளர் வாடகையை ஏறத்தாழ 3,444 ரூபாய் என நிர்ணயிக்க வேண்டும். விருந்தினரின் பையிலிருந்து செல்லும் தொகையில் 24 ரூபாய்தான் வேறுபாடு. வரியைக் கடைக்காரர் கட்டினாலும் வாடிக்கையாளர் கட்டினாலும், அதன் உண்மையான சுமை யார் மீது விழும் என்பதைத் தேவையும் அளிப்புமே தீர்மானிக்கின்றன என்று முதலாம் ஆண்டு வகுப்பில் கற்பிப்போம். அந்தப் பாடம் இங்கும் பொருந்துகிறது.

இதனுடன் வரியையும் சேர்க்க வேண்டும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உரிமையாளர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதில்லை. ஆனால், அவருடைய அறை ஓர் இணையத் தளத்தின் வழியே வாடகைக்குப் போனால், அதற்கான ஜிஎஸ்டியைத் தளமே வசூலித்துச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இவ்வரி 5 சதவீதம். தளத்தின் சேவைக் கட்டணத்துக்குத் தனியாக 18 சதவீதம். ஆக, மேற்சொன்ன முதல் முறையில் விருந்தினர் செலுத்துவது ஏறத்தாழ 3,646 ரூபாய். உரிமையாளர் பெறுவது ஏறத்தாழ 2,894 ரூபாய். இடைவெளி சுமார் 750 ரூபாய்; அதாவது, வாடகையில் கால் பங்கு. அதே விருந்தினர் அடுத்த ஆண்டு நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து வந்தால் இந்தக் கால் பங்கை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். எனவே, இரு தளங்களின் கமிஷனை ஒப்பிடுவதைவிட, தளத்தின் வழியே ஒருமுறை வந்தவர் மறுமுறை எந்த வழியில் வருகிறார் என்று கணக்கிடுவதே பயனுள்ளது.

யார் வருகிறார்கள்?

தளங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வீடுகளையே தேடி வருவோர் கூடும் ஏர்பிஎன்பி போன்ற சந்தை. இரண்டாவது, விடுதி தேடுவோர் செல்லும் புக்கிங் டாட் காம், அகோடா, மேக்மைட்ரிப், கோஐபிபோ போன்றவை. இவற்றிலும் வீடுகளுக்கு இடமுண்டு. மூன்றாவது, ஸ்டேவிஸ்டா, சாஃப்ரன்ஸ்டேஸ் போன்று பட்டியலிடுவதோடு நில்லாமல் வீட்டின் விருந்தோம்பலையும் சேர்த்துக் கவனிக்கும் நிறுவனங்கள். இவை பெரும்பாலும் தனி மாளிகைகளை நாடுபவை. கடியப்பட்டணத்தின் இரண்டு அறைகள் இவற்றின் கணக்கில் வருவது கடினம்.

இம்மூன்றில் எது என்பதை வருகிறவர் யார் என்பதே முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் தங்கிக் கடலையும் மீன்பிடி வாழ்வையும் காண விரும்பும் வெளிநாட்டவரோ பெங்களூரின் மென்பொருள் ஊழியரோ முதல் வகையில் தேடுவர். கன்னியாகுமரிக்குப் புறப்பட்ட குடும்பம், வழியில் ஓர் இரவு தங்க இரண்டாம் வகையில் தேடும். திருமணத்துக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் சொந்தக்காரர்களுக்குத் தளமே தேவையில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போதும். இந்த மூன்றாம் பிரிவினரைக் கணக்கில் கொள்ளாமல், அவர்களையும் தளத்தின் வழியே வரச் செய்து கமிஷன் கொடுப்போர் உண்டு.

பருவத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஐயப்ப பக்தர்களும் விடுமுறைக் குடும்பங்களும் குமரி முனையில் நிரம்பி வழிவார்கள். அறை தானே நிறையும். ஜூன், ஜூலையில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் அதுவே. தளம் உண்மையில் உதவ வேண்டியது அந்த வெறுமையான மாதங்களில்தான். நிறைந்த மாதங்களுக்குத் தளத்தைச் சார்ந்திருப்பதும், வெறுமையான மாதங்களில் அது கைவிடுவதும் உரிமையாளருக்கு இரட்டை இழப்பு.

விதிகளை எழுதுபவர்

இருபுறச் சந்தைகள் பற்றிய ஆய்வுகளுக்காகவும் அறியப்பட்ட பிரெஞ்சுப் பொருளியலாளர் ழான் திரோலுக்கு 2014ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாங்குவோர், விற்போர் ஆகிய இரு தரப்பையும் ஒரே மேடையில் சேர்க்கும் நிறுவனம், எந்தத் தரப்பை இழக்க அஞ்சுகிறதோ அந்தத் தரப்புக்குச் சலுகை தரும் என்பது அவ்வாய்வுகளின் சாரங்களில் ஒன்று. வீடுகள் பெருகி விருந்தினர் அரிதாகும்போது சலுகை யாருக்குச் செல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் உலகம் இதைக் கண்டது. கரோனா பரவியபோது, முன்பதிவை ரத்து செய்த விருந்தினர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பித் தர ஏர்பிஎன்பி முடிவு செய்தது. உரிமையாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்து வைத்திருந்த ரத்து விதிகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. எதிர்ப்பு எழுந்த பிறகு, அம்மாத இறுதியில் உரிமையாளர்களுக்காக 25 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அவர்களின் விதிப்படி கிடைத்திருக்க வேண்டியதில் கால் பங்கே அதன் மூலம் ஈடு செய்யப்பட்டது. விருந்தினர் பக்கம் நின்றது தவறு என்று சொல்ல முடியாது; பெருந்தொற்றில் யாரும் பயணம் செய்திருக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது, முடிவெடுத்த இடம் எது என்பதைத்தான். 2004இல் ஆழிப்பேரலையையும் 2017இல் ஒக்கிப் புயலையும் கண்ட கரை இது. அடுத்த புயல் எச்சரிக்கை வரும்போது, யாருடைய பணம் யாருக்குத் திரும்பும் என்பதைக் கடியப்பட்டணத்து வீட்டுக்காரர் தீர்மானிக்கப்போவதில்லை.

நம் நாட்டு அனுபவமும் உண்டு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. விடுதிகள் வேறெங்கும் குறைந்த விலைக்கு அறை தரக் கூடாது என்ற 'விலைச் சமநிலை' நிபந்தனை ஒரு குற்றச்சாட்டு. ஓயோவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின் காரணமாக ஃபேப்ஹோட்டல்ஸ், ட்ரீபோ ஆகிய போட்டி நிறுவனங்களின் விடுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன என்பது மற்றொன்று. ஆணையத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆயினும், வணிகச் சங்கிலிகளையே ஒரு தளத்தின் அலமாரியிலிருந்து எடுத்துவிட முடிந்தது என்றால், இரண்டு அறை வைத்திருப்பவரின் நிலை என்ன?

ஐரோப்பாவில் இதே விலைச் சமநிலை நிபந்தனை, நீண்ட வழக்குகளுக்குப் பிறகு கைவிடப்பட்டது. புக்கிங் டாட் காம் 2024 மே மாதத்தில் ஐரோப்பிய எண்மச் சந்தைகள் சட்டத்தின்கீழ் 'வாயிற்காவலர்' என அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலும் எண்மப் போட்டிச் சட்ட வரைவு ஒன்று 2024 மார்ச்சில் வெளியானது. அது எவ்வடிவம் பெற்றாலும், பெரிய விற்பனைத் தளங்களின் சண்டையோடு நின்றுவிடாமல் சிறு தங்கல் இல்லங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நட்சத்திரங்களின் பிடி

தளங்கள் தரும் உண்மையான சேவையை மறுப்பது நேர்மையாகாது. 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஒன்றைக் காட்டினார்: பொருளின் தரம் விற்பவருக்கு மட்டுமே தெரிந்தால், நல்ல பொருளுக்கும் உரிய விலை கிடைக்காமல் போகும்; நாளடைவில் நல்ல பொருளே சந்தையை விட்டு விலகும். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர் வீட்டில் குடும்பத்துடன் தங்குவது இதைவிடப் பெரிய ஐயம். விருந்தினர் எழுதும் மதிப்பீடுகள் அந்த ஐயத்தைத் தீர்க்கின்றன. தளம் பெறும் கமிஷனில் ஒரு பகுதி இந்த நம்பிக்கைக்கான விலை.

சிக்கல் எங்கே எனில், அந்த நற்பெயர் உரிமையாளருடன் நகர்வதில்லை. ஐந்து ஆண்டுகள் காலையில் இடியாப்பமும் மீன் குழம்பும் பரிமாறிச் சேர்த்த நூறு மதிப்பீடுகள் அந்தத் தளத்திலேயே தங்கிவிடும். வேறு தளத்துக்குச் சென்றால் முதல் நாள் கடை திறந்தவராகவே தொடங்க வேண்டும். ஏர்பிஎன்பியில் 'சூப்பர்ஹோஸ்ட்' தகுதி பெற, ஐந்துக்கு 4.8 சராசரியும், வரும் வினவல்களில் 90 சதவீதத்துக்கு 24 மணி நேரத்துக்குள் பதிலளிப்பதும், ரத்து ஒரு சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதும் தேவை. தேர்வுத்தாள் திருத்திய எனக்கு 90 மதிப்பெண் மிக நன்று. இங்கோ ஐந்துக்கு நான்கரை என்பது பின்தங்கல். கடலுக்குப் போகும் குடும்பத்தில் கைப்பேசியை எந்நேரமும் பார்த்திருப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய அந்த உழைப்பு எந்தக் கமிஷன் கணக்கிலும் வருவதில்லை.

கைப்பேசி எண்களை ஒருவர் தம் வங்கிச் சேவையைப்போல் எளிதாக மாற்றிக்கொள்ள முடியாதிருந்த காலம் இருந்தது. இன்று எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றுகிறோம். மதிப்பீடுகளுக்கும் அவ்வாறான உரிமை வேண்டும் என்று கோருவதில் மிகை ஏதுமில்லை.

கரையின் சட்டம்

தளத்தில் பதிவு செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். உள்ளூர்ச் சட்டங்களுக்கு உட்படுகிறேன் என்று உரிமையாளர் ஒப்புக்கொள்வதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால், கடியப்பட்டணத்தில் கடலை ஒட்டிய வீட்டுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். 2011ஆம் ஆண்டு அறிவிக்கை, முந்தைய விதிகளின்கீழ் அனுமதி பெறாதிருந்த மீனவர் வீடுகளை முறைப்படுத்த வழி செய்தபோது இரு நிபந்தனைகளை விதித்தது: அவை வணிகத்துக்குப் பயன்படுத்தப்படக் கூடாது, மரபான கடலோரச் சமூகத்துக்கு வெளியே விற்கப்படக் கூடாது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையோ வடிவமைப்பையோ முகப்பையோ மாற்றாமல், மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் 'ஹோம்ஸ்டே' நடத்த இடமளிக்கிறது. தம் வீடு இவற்றில் எதன்கீழ் வருகிறது என்று தெரியாமல் மாடியில் கூடுதலாக ஓர் அறை எழுப்புபவர், வருமானத்துக்கு முன் வழக்கைச் சந்திக்கக்கூடும்.

மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு பெற, ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம்; உரிமையாளரோ அவர் குடும்பமோ அவ்வீட்டில் வசிக்க வேண்டும். என் மாணவரின் பெற்றோர் கீழ்த்தளத்தில் இருப்பது இங்கே பெரும் பலம். முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு இணையவழியே தெரிவிக்க வேண்டியதும் உரிமையாளரின் கடமையே.

தனி வீடும் ஊரும்

இவ்விதிகளைச் சுமையாக மட்டும் பார்க்கக் கூடாது. கரை மீனவரின் தொழிற்களம். வலை உலர்வதும், வள்ளம் ஏறுவதும், மீன் ஏலம் போவதும் அங்கேதான். வெளியூர் முதலீட்டாளர் ஒருவர் ஐந்தாறு வீடுகளை வாங்கி, சென்னையிலோ கொச்சியிலோ அமர்ந்து கைப்பேசியில் நிர்வகிப்பதைத் தளங்கள் எளிதாக்கிவிட்டன. பார்சிலோனா நகரம் 2028 நவம்பருக்குள் தன் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024இல் அறிவித்தது; உள்ளூர் மக்களுக்கு வாடகை எட்டாத உயரத்துக்குப் போன பிறகே அம்முடிவு வந்தது. கடியப்பட்டணம் பார்சிலோனா அன்று. ஆனால், நோய் முற்றிய பிறகு மருந்து தேடுவதற்கான சான்றாக அந்நகரம் நிற்கிறது.

அருகிலேயே வேறொரு சான்றும் உண்டு. கொச்சிக்கு அருகேயுள்ள கும்பளங்கி மீனவக் கிராமத்தைக் கேரள அரசு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே முன்மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக்கியது. அங்கே தனி வீட்டின் பெயரைவிட ஊரின் பெயரே முதலில் விற்பனையாகிறது. பயணி ஊரின் பெயரைத் தட்டச்சு செய்து தேடுகிறார். பிறகு வீட்டைத் தேர்கிறார். நம் பக்கம், 1981இல் வெளியான 'அலைகள் ஓய்வதில்லை' முட்டத்தின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது. அடுத்திருக்கும் கடியப்பட்டணத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. தேடலில் இடம்பெறாத ஊருக்குத் தளத்தின் வரிசைப்படுத்தலே ஒரே ஏணி. ஆகவே, அத்தளம் கேட்கும் விலையைக் கொடுத்தாக வேண்டும். பெயர் பெற்ற ஊருக்குத் தளம் பல வழிகளில் ஒன்று மட்டுமே.

ஆதலால், என் மாணவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். முதலில் வீட்டின் சட்ட நிலையை உறுதி செய்து, சுற்றுலாத் துறையில் பதிவு பெறுக. அடுத்து, வேறுபட்ட விருந்தினரைக் கொண்டுவரும் இரண்டு தளங்களில், முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் ஒன்றுமாக, பட்டியலிடுக. ஒரே நாளில் இருவருக்கு அறை தராதபடி நாள்காட்டிகளை இணைத்து வைக்கவும். எந்தத் தளத்துக்கும் தனியுரிமை எழுதிக் கொடுக்க வேண்டாம். ரத்து விதியையும் விலை நிபந்தனையையும் கமிஷனுக்கு முன் படிக்கவும். கூகுள் வரைபடத்தில் வீட்டைத் தம் பெயரிலேயே பதிந்து, அங்கும் மதிப்பீடு சேர்க்கவும். மூன்றாம் ஆண்டு இறுதியில், பத்து விருந்தினரில் நால்வராவது நேரடியாக வருகிறார்களா என்று எண்ணிப் பார்க்கவும். வரவில்லையெனில், நீங்கள் தளத்தின் ஊழியராகி விட்டீர்கள் என்று பொருள். அதுவும் ஊதியமும் விடுப்பும் இல்லாத ஊழியர்.

எஞ்சியது ஒருவரால் ஆகக்கூடியதன்று. உள்ளாட்சியும் பங்குப்பேரவையும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து, ஊரில் எத்தனை அறைகள், யார் நடத்துவது, குப்பையும் கழிவுநீரும் எங்கே போவது என்று ஒரு பதிவேடு தொடங்கலாம். இருபது வீடுகள் ஒரே பெயரில், ஒரே தொலைபேசி எண்ணில், ஒரே தரத்தில் நிற்குமானால் தளங்களே பேச்சுக்கு வரும். மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது, கடலோர மண்டல விதி, சுற்றுலாப் பதிவு, காவல் துறைக்கான தகவல் ஆகியவற்றை ஒரே இடத்தில், தமிழில், ஒரே படிவமாகத் தருவது.

என் மாணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ கமிஷன்?" என்றார். அதையும் பார்க்கலாம் என்றேன். முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வரும்படி சொன்னேன். அடுத்த டிசம்பருக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)